பச்சை மட்டும் ஏன் பிரிந்து நிற்கிறது

போன வருஷம் அக்கா மகன் ஆட்டுப் பட்டிக்கு ஒரு கேமரா வைத்தான். எங்கள் மேச்சேரி ஆடு கம்பளி இல்லாத இனம். செம்பழுப்பு நிறம், ஒட்டிய மயிர், தோலுக்குப் பேர் போனது. இந்த இனத்துக்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. அப்படிப்பட்ட ஆடு இருபது இருபத்தைந்து பட்டியில் நின்றால் ராத்திரி தூக்கம் வராது. வீட்டிலிருந்து பட்டி 70 மீட்டர். வீட்டு வைஃபை வாசல் வேப்பமரத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. அதனால் பையன் சேலம் போய் 100 மீட்டர் லேன் கேபிள், ஒரு டப்பா பிளக், கிரிம்பிங் டூல், எட்டு விளக்கு வைத்த டெஸ்டர் எல்லாம் வாங்கி வந்துவிட்டான். போர் மோட்டார் ஒயருக்கு வெட்டிய குழியிலேயே கருப்பு ஓஸ் பைப்பைப் போட்டு, அதற்குள் கேபிளை இழுத்து, இரண்டு முனைக்கும் அவனே பிளக் அடித்தான்.

டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்தது. கேமராவுக்குக் கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது. ராத்திரியில் அதன் சிவப்புக் கண் பட்டியில் ஜொலித்தது. படம்தான் தகராறு. ஓர் ஆடு முன்னங்காலைத் தூக்கும், தூக்கியபடியே அரை நிமிஷம் நிற்கும். அப்புறம் பார்த்தால் அந்த இடத்தில் ஆடே இருக்காது. மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த அரைகுறைப் படமும் போய்விடும்.

"எட்டு லைட்டும் எரியுது மாமா. கேமராதான் டூப்ளிகேட் போல" என்றான்.

நான் கேமராவைப் பார்க்கவில்லை, பிளக்கைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குக்குள் கம்பிகளின் நிறம் தெரியும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பிரவுன், பிரவுன். ஜோடி ஜோடியாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல நின்றன. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வரிசை அதுவல்ல. அதில் பச்சை ஜோடி பிரிந்து நிற்கும். மூன்றாம் இடத்தில் வெள்ளைப் பச்சை, ஆறாம் இடத்தில் பச்சை, நடுவில் இரண்டு நீலமும் புகுந்திருக்கும்.

"ரெண்டு முனையிலும் ஒரே வரிசைதானே மாமா அடிச்சிருக்கேன்? கம்பிக்குக் கலர் தெரியுமா?"

கம்பிக்குக் கலர் தெரியாது. கேள்வி நியாயமானது. பதில் சொல்ல 1881-ம் ஆண்டுக்குப் போகவேண்டி இருந்தது.

அந்தக் காலத் தந்திக்கு ஒரே கம்பிதான். போன மின்சாரம் பூமி வழியாகத் திரும்பிவரும். தந்தியில் கட், கட் என்று ஓசை கேட்டால் போதும் என்பதால் அது ஓடியது. டெலிபோனும் முதலில் அதே ஒற்றைக் கம்பியில்தான் ஓடியது. ஆனால் மனிதக் குரல் தந்தியைப்போல முரட்டுத்தனமானதல்ல. பக்கத்துத் தந்திக் கம்பியில் ஓடும் சேதியெல்லாம் பேச்சுக்கு நடுவே கடகடவென்று விழுந்தது. இதற்கு மருந்தாக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். பூமியை விட்டுவிடு, போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு கம்பி எடு, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கு என்பதுதான் சாரம். டெலிபோனைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே அறிந்த மனிதர். ஆனால் இன்றைக்கு என் வீட்டுச் சுவரில் ஓடுவது அவருடைய டெலிபோன் அல்ல, இந்த முறுக்குதான். இதைப் பாடப் புத்தகங்கள் சொல்வதே இல்லை.

எங்கள் பக்கம் முறுக்கு தெரியாதவர் கிடையாது. கயிறு திரிக்கத் தெரியும், தறிக்கு நூல் முறுக்கத் தெரியும். அதனாலேயே கேபிளை உரித்துப் பார்க்கிறவர்கள் 'பலத்துக்காக முறுக்கியிருக்கான்' என்பார்கள். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்ரகாளியம்மன் கோயில் திருவிழாவில் ரேடியோ செட்டுக்குப் பக்கமாக இரண்டு பிள்ளைகள் கைகோத்து நடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். செட்டுப் பக்கம் இருக்கும் பிள்ளைக்குக் காது அதிகம் அடைக்கும், அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைவாக. பத்தடிக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொண்டே போனால், தெருமுனை வரும்போது இருவரும் கேட்ட இரைச்சல் ஒரே அளவு. முறுக்கு செய்வது இந்த இடமாற்றத்தைத்தான். கடைசியில் இருக்கும் கருவி இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கேட்கும். இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகும். ஒன்றில் ஏற்றமும் மற்றதில் இறக்கமுமாக அனுப்பிய சேதி மட்டும் நிற்கும்.

ஆக, ஜோடி என்பது நிறத்தைப் பொறுத்த உறவு கிடையாது. எந்தக் கம்பி எதோடு முறுக்கிக்கொண்டு வருகிறதோ அதுதான் அதன் ஜோடி. கேமராவும் வீட்டு முனையில் உள்ள பெட்டியும் பேசிக்கொள்வது பிளக்கின் 1, 2 என்ற இரண்டு முள்ளிலும், 3, 6 என்ற இரண்டு முள்ளிலும். பையன் அடித்த வரிசையில் மூன்றாவது வெள்ளைப் பச்சை, ஆறாவது நீலம். ஒன்று தன் பச்சையோடு முறுக்கிக்கொண்டு போகிறது, மற்றது தன் வெள்ளை நீலத்தோடு. சேதியை ஒன்றாகச் சுமக்க வேண்டிய இரண்டும் 70 மீட்டரும் அந்நியராகவே நடந்து போயிருக்கின்றன. ஓரமாக மோட்டார் ஒயர் வேறு.

விளக்கு டெஸ்டருக்கு இது தெரியாது. இந்த முனை மூன்று, அந்த முனை மூன்றில் சேருகிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி. கேமராவுக்குப் போகும் கரண்டுக்கும் கவலையில்லை. அது ஏறி இறங்காமல் ஒரே நிலையில் ஓடுவது, எந்தக் கம்பி கிடைத்தாலும் போகும். நொடிக்குப் பத்துக் கோடி பிட் ஓட வேண்டிய படம்தான் மாட்டிக்கொண்டது. இதற்குத் தொழிலில் 'ஸ்பிளிட் பேர்' என்று பெயர். வீட்டில் கேபிள் அடிக்கிறவர்கள் செய்யும் தவறுகளில் இதைவிடத் தந்திரமானது இல்லை. மற்ற தவறெல்லாம் உடனே மாட்டிக்கொள்ளும். இது ஐந்து மீட்டரில் ஒழுங்குப்பிள்ளை மாதிரி ஓடி, ஐம்பது மீட்டரில் காலை வாரும்.

ஆனாலும் அவனுடைய அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி. "அப்ப 3-4ன்னே வச்சிருக்கலாமே மாமா? எதுக்கு 3-6ன்னு சுத்திவளைச்சு?"

கம்ப்யூட்டர்காரர்கள் கையில் ஆரம்பத்திலிருந்தே விட்டிருந்தால் 3-4 என்றுதான் வைத்திருப்பார்கள். அவர்கள் கையில் முதலில் இருந்தது வேறு கேபிள். 1973 மே 22 அன்று, கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்கால்ஃப் ஒரு குறிப்பு எழுதினார். அங்கே ஆல்டோ என்ற கம்ப்யூட்டர்களையும் லேசர் பிரிண்டரையும் ஒன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் ரேடியோவில் ஓட்டிக்காட்டிய அலோஹா வலையின் யோசனையை மெட்கால்ஃப் எடுத்துக்கொண்டார். யார் வேண்டுமானாலும் பேசலாம், இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசலாம் என்பது அந்த ஏற்பாடு. ஆகாயத்துக்குப் பதில் ஒரு கம்பி. ஒளி மிதந்து வரும் ஊடகம் என்று பழைய விஞ்ஞானிகள் நம்பி, பிறகு இல்லையென்றான 'ஈத்தர்' என்ற பொருளின் பெயரை அதற்கு வைத்தார். டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து கட்டிய அந்த முதல் ஈத்தர்நெட் நொடிக்கு 29 லட்சத்து 40 ஆயிரம் பிட் ஓடியது.

அந்தக் கம்பியைப் பார்த்திருந்தால் வீட்டுக்கு இழுக்க யாருக்கும் மனசு வராது. 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று கம்பெனியும் சேர்ந்து வெளியிட்ட விதிப்படி, அது விரல் தடிமன் மஞ்சள் கேபிள். நம் ஊர் கேபிள் டிவி ஒயருக்குப் பெரியண்ணன். நடுவில் ஒரு தாமிரக் கம்பி, சுற்றிலும் வலைக் கவசம். ஒரு நீளம் 500 மீட்டர் போகும். ஒரு கம்ப்யூட்டரைச் சேர்க்க அந்தக் கேபிளில் துளைபோட்டு, ஊசியை நடுக்கம்பி வரை இறக்க வேண்டும். அதற்கு 'வாம்பயர் டேப்' என்று பெயர் வைத்தார்கள், ரத்தக்காட்டேரி கடிப்பதுபோல. எல்லோரும் ஒரே கம்பியில் தொங்குவதால் எங்கே கோளாறு வந்தாலும் எல்லோருக்கும் கோளாறு.

அதன் ஒல்லித் தம்பியை நானே பார்த்திருக்கிறேன். சேலத்தில் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் மெல்லிய கருப்பு ஒயர் ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்கு மாலை மாதிரி போகும். இரண்டு கடைசியிலும் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு மூடி. பெருக்கவரும் அம்மாவின் துடைப்பம் அந்த மூடியில் இடித்தால் போதும், அறையில் அத்தனை கம்ப்யூட்டரும் ஊமையாகிவிடும். சார் வரிசை வரிசையாகக் குனிந்து குனிந்து ஒவ்வொரு திருகையும் ஆட்டிப்பார்ப்பார். பாதி வகுப்பு அதிலேயே கழியும். எங்களுக்கு அதில் வருத்தமில்லை.

டெலிபோன்காரர்கள் இதற்குள் வேறு வழியில் வெகுதூரம் வந்திருந்தார்கள். அமெரிக்க அலுவலகக் கட்டடங்களில் ஒவ்வொரு மேசைக்கும் முறுக்கிய ஜோடிக் கம்பி சுவருக்குள்ளேயே போய்விட்டது. எல்லாம் மாடிக்கு ஓர் அலமாரியில் வந்து கூடும். முனையில் மாட்ட வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி ஒரு சின்ன பிளாஸ்டிக் பிளக் செய்திருந்தது. அந்தப் பிளக்கை நான் கும்பிட்டுக்கொள்வேன். பற்றவைக்க வேண்டாம், திருக வேண்டாம், உள்கம்பியின் தோலை உரிக்கக்கூட வேண்டாம். ஒவ்வொரு முள்ளுக்கும் அடியில் கத்திப்பல் இருக்கிறது. ஒரே அழுத்து, பல் தோலைக் கிழித்துத் தாமிரத்தில் உட்கார்ந்துவிடும். லைன்மேனுக்காகச் செய்த இந்தச் சௌகரியம் இல்லாவிட்டால் பட்டிக்குக் கேபிள் அடிக்கும் வேலை என் மருமகனுக்கு வாய்த்திருக்காது.

1980-களின் நடுவில் சிலருக்குத் தோன்றியது, சுவருக்குள் இருக்கும் டெலிபோன் கம்பியிலேயே ஈத்தர்நெட்டை ஓட்டினால் என்ன? ஏ.டி. அண்ட் டி. கம்பெனி 'ஸ்டார்லான்' என்று ஓட்டிக்காட்டியது, ஆனால் வேகம் பத்தில் ஒரு பங்கு. ஜெராக்ஸ் கூடத்திலிருந்து வெளியே வந்த ஆண்ட்ரூ லட்விக், ரொனால்டு ஷ்மிட் இருவரும் தொடங்கிய சினாப்டிக்ஸ் 1987-ல் முழு வேகத்தையும், அதாவது நொடிக்கு ஒரு கோடி பிட்டை, முறுக்குக் கம்பியிலேயே கொண்டுவந்தது. 1990-ல் 10பேஸ்-டி என்று தர நிர்ணயமானது. கடைசி 'டி' முறுக்கைக் குறிக்கிறது. மாலை மாதிரி தொங்கியதெல்லாம் போய், நடுவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஆளுக்கொரு கம்பி என்றானது. துடைப்பம் இடித்தால் இடிபட்டவருக்கு மட்டும்தான் நஷ்டம். தடித்த மஞ்சள் கேபிள் பத்துப் பதினைந்து வருஷத்தில் காணாமல் போனது.

குடிவந்தவர்கள் வீட்டுக்காரர் விதிக்குக் கட்டுப்பட்டுத்தானே ஆகவேண்டும்? டெலிபோன்காரர்கள் பிளக்கை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணுவார்கள். முதல் லைன் நட்டநடுவில் உள்ள இரண்டு முள். அடுத்த லைன் அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அப்படியே வெங்காயத் தோல் மாதிரி. சின்ன பிளக்கைப் பெரிய துளையில் செருகினாலும் நடு லைன் நடுவிலேயே விழ வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. எட்டு முள்ளில் நடு இரண்டு 4, 5. அது டெலிபோனின் இடம், கம்ப்யூட்டர் தொடவில்லை. அடுத்த தோல் 3, 6. பச்சை பிரிந்த இடம் இதுதான். அதே கணக்கில் போயிருந்தால் அடுத்தது 2, 7. கடைசி 1, 8. அவ்வளவு தள்ளிவைத்தால் வேகத்துக்கு ஆகாது என்று கம்ப்யூட்டர் கட்சி முரண்டுபிடித்திருக்க வேண்டும். ஓரத்து நான்கையும் 1-2, 7-8 என்று பக்கத்துப் பக்கத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பிளக்கின் நடுப்பாதி டெலிபோன் சட்டம், ஓரப்பாதி கம்ப்யூட்டர் சட்டம். 1991-ல் கட்டட ஒயரிங்குக்கு வந்த அமெரிக்கத் தரம் இதை 568-ஏ, 568-பி என்று இரண்டு வரிசையாகப் பதிந்தது. இரண்டிலும் பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறும், அவ்வளவே. எங்கள் பக்கம் எல்லோரும் அடிப்பது 'பி'.

நிறமும் டெலிபோன் சீதனம்தான். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல் என்பது நூற்றுக்கணக்கான ஜோடி கொண்ட தடிக்கேபிளை லைன்மேன்கள் எண்ணும் வரிசை. நம் ஊர் நிலத்தடி டெலிபோன் கேபிளிலும் அதே வரிசைதான். அதில் முதல் நான்கை லேன் கேபிள் எடுத்துக்கொண்டது. நீலம் முதல் ஜோடி, அதனால் அதற்கு நடு நாற்காலி.

ஆர்ஜே 45 என்ற பெயர்கூட இரவல், அதுவும் தப்பான இரவல். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் பதிவு செய்த துளைகளின் பட்டியலில் உண்மையான ஆர்ஜே 45 வேறொன்று, மோடத்துக்காக ஓரத்தில் ஒரு பல் வைத்தது. அதைப் பார்த்தவர்களே அபூர்வம். சாயல் ஒன்றாக இருந்ததால் பெயர் இங்கே ஒட்டிக்கொண்டது. சேலத்துக் கடையில் போய் '8பி8சி பிளக் கொடுங்க' என்று சரியான பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது வீட்டில் லேன் கேபிளுக்கு வேலையில்லை. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரே அதிகம். அப்புறம் வந்த பிரவுசிங் சென்டர்கள்தான் இந்த வேலையைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. 305 மீட்டர் பெட்டி ஒன்று, அதாவது ஆயிரம் அடி, வாங்கிவைத்துக்கொண்டு தேவைக்கு வெட்டி ஓனரே பிளக் அடிப்பார். இன்றைக்கு ஃபைபர் வந்துவிட்டது என்கிறோம். கண்ணாடி இழை வாசல் பெட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மாடிக்கும் பட்டிக்கும் போவது பழைய முறுக்குத் தாமிரம்தான்.

தாமிரம் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கினால் அது அலுமினியக் கம்பிக்குத் தாமிர முலாம் பூசிய 'சிசிஏ'வாக இருக்கும். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும். இரண்டு முறை மடக்கினால் ஒடியும். கேபிளில் கரண்டும் அனுப்புகிற இடத்தில் அதை இழுக்கவே கூடாது, மின்தடை அதிகம், சூடாகும். பையன் வாங்கியது நல்ல தாமிரம். அதில் அவன் ஏமாறவில்லை.

அன்று சாயந்தரம் இரண்டு முனையையும் வெட்டிப்போட்டு மறுபடி அடித்தோம். மேல்தோலை உரிக்கும்போது பிளேடு உள்ளே படக்கூடாது. உரித்ததும் நான்கு முறுக்கும் தெரிந்தது. நான்கும் ஒரே நெருக்கமாக இல்லை என்பதை அவனிடம் காட்டினேன். ஒரே நெருக்கமாக இருந்தால் அடுத்தடுத்த ஜோடிகள் கூடவே நடந்து ஒன்றின் பேச்சை ஒன்று கேட்கும் என்று வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறார்கள். முறுக்கை அவிழ்ப்பதிலும் கஞ்சத்தனம் வேண்டும். 13 மில்லிமீட்டருக்கு மேல் அவிழ்க்கக் கூடாது. அவன் முதலில் இரண்டங்குலம் அவிழ்த்திருந்தான். சௌகரியமாக இருக்கிறதாம்.

மோட்டார் ஒயர்க் குழியிலேயே போட்டதும் தப்புதான். தனியாக, ஓர் அடியாவது தள்ளித் தோண்ட வேண்டும். அடுத்த கோடையில் செய்வதாகச் சொல்லியிருக்கிறான், பார்ப்போம். பக்கத்து வீட்டுக்கும் ஒரு லைன் இழுத்துக் கொடுக்கலாமா என்றான். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வீடு எர்த் வேறு. சித்திரை மாதத்து இடி ஒன்று போதும், இரண்டு வீட்டுப் பெட்டியும் புகைந்துவிடும். அதற்குக் கண்ணாடி இழைதான் சரி.

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் நீவி நேராக்கி, ஒரே வெட்டாக வெட்டி, பிளக்குக்குள் தள்ளினான். நுனி எட்டும் முன்சுவரில் முட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, டூலை அழுத்தினான். கிரக்.

டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தது, முன்பு எரிந்த மாதிரியே.

"மோட்டாரப் போடு" என்றேன். போட்டுவிட்டு ஓடிவந்தான். போனில் பட்டி தெரிந்தது. கிடா ஒன்று முன்னங்காலைத் தூக்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அது தூக்கிய காலைக் கீழே வைத்தது.